ஐபீரிய லின்க்ஸ் காப்பு முயற்சிகள்

ஐபீரிய லின்க்ஸ் (அறிவியல் பெயர்: லின்க்ஸ் பார்டினஸ்) என்பது ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஐபீரியத் தீபகற்பத்தில் மட்டும் இயற்கையாக வாழும் ஒரு பூனையினம் ஆகும். ஸ்பெயின், போர்த்துகல் ஆகிய இரு நாடுகளில் இது காணப்படுகிறது. 20 ஆம் நூற்றாண்டில் இதன் தொகை பெரிதும் வீழ்ச்சியடைந்தது. 2002 ஆம் ஆண்டில் உலகிலேயே மிகவும் அழிவுநிலையில் உள்ள பூனையினம் என இது கருதப்பட்டது. அப்போது காடுகளில் எஞ்சியிருந்தவை நூற்றுக்கும் குறைவு. அதன்பின் மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்பு, வாழிடப் பாதுகாப்பு, காப்பக இனப்பெருக்கம், மீள் அறிமுகம் ஆகிய பணிகளால் 2024 ஆம் ஆண்டில் இவற்றின் தொகை குட்டிகள் உட்பட 2,401 ஆக உயர்ந்தது. பூனைக் குடும்பத்தில் பதிவு செய்யப்பட்ட மிகப் பெரிய மீட்சிகளில் ஒன்றாக இது மதிப்பிடப்படுகிறது. ஆயினும் இம்மீட்சி இன்னும் மனிதரின் தொடர்ந்த பராமரிப்பையே சார்ந்துள்ளது.

விலங்கின் இயல்புகள்

லின்க்ஸ் பேரினத்தில் நான்கு இனங்கள் உள்ளன. அவற்றுள் ஐபீரிய லின்க்ஸ் ஒன்றாகும். நெதர்லாந்து நாட்டு விலங்கியலாளர் கோன்ராட் யாக்கோப் டெம்மிங்க் 1827 ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நெடுங்காலம் யுரேசிய லின்க்ஸின் துணையினம் எனச் சிலரால் கருதப்பட்ட போதிலும், இன்று இது தனி இனமாக ஏற்கப்பட்டுள்ளது. யுரேசிய லின்க்ஸுடன் ஒப்பிடுகையில் இதன் எடை ஏறத்தாழப் பாதியே ஆகும். ஆண் விலங்கு சராசரியாக 13 கிலோகிராமும் பெண் விலங்கு 9 முதல் 10 கிலோகிராமும் எடை கொண்டவை.

காது நுனிகளில் கருநிற மயிர்க்கற்றை, கன்னங்களில் தாடி போன்ற தொங்குமயிர், கரிய நுனியுடைய குட்டை வால், மஞ்சள் கலந்த பழுப்பு உடலில் அடர்ந்த கரும்புள்ளிகள் ஆகியன இதன் அடையாளங்கள். இப்புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு விலங்குக்கும் வேறுபடும். ஒரு விலங்கின் புள்ளிக் கோலம் அதன் வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை. இவ்வியல்பே பிற்காலத்தில் துல்லியமான கணக்கெடுப்புக்கு அடிப்படையாயிற்று.

இனச்சேர்க்கை பெரும்பாலும் குளிர்காலத்தில் நிகழ்கிறது. ஏறத்தாழ இரண்டு மாதச் சூல்காலத்திற்குப் பின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டு முதல் நான்கு குட்டிகள் பிறக்கின்றன. வளர்ந்த விலங்குகள் தனித்து வாழ்ந்து தத்தம் ஆட்புலத்தைக் காத்துக்கொள்கின்றன. இளம் விலங்குகள் தாயை விட்டுப் பிரிந்து புதிய ஆட்புலம் தேடி நெடுந்தொலைவு செல்வதுண்டு.

உணவும் வாழிடமும்

ஐபீரிய லின்க்ஸின் உணவில் பெரும்பங்கு ஐரோப்பியக் குழிமுயல் ஆகும். வளர்ந்த விலங்குக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு குழிமுயல் தேவைப்படுகிறது. குட்டிகளை வளர்க்கும் தாய்க்கு இதைப் போல் மும்மடங்கு வரை தேவைப்படும். வாத்து, கௌதாரி, மான்கன்று போன்றவற்றையும் இது வேட்டையாடக்கூடும். ஆனால் குழிமுயல் இல்லாத இடத்தில் இனம்பெருக்கி நிலைத்து வாழ இயலாது.

நடுநிலக்கடல் சார்ந்த புதர்க்காடுகளும் அவற்றை ஒட்டிய புல்வெளிகளுமே இதற்கு உகந்த வாழிடம். புதர்கள் மறைவிடமாகவும் குட்டி ஈனும் இடமாகவும் பயன்படுகின்றன. குழிமுயல்கள் புல்வெளி ஓரங்களில் மேய்வதால் அவ்விடங்களே வேட்டைக்களமாக அமைகின்றன.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

ஐபீரிய லின்க்ஸின் வீழ்ச்சிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு.

வேட்டை: தோலுக்காகவும், வேட்டைப் பண்ணைகளில் முயலைக் குறைக்கும் தீங்குயிர் என்ற எண்ணத்தாலும் இது பல தலைமுறைகளாகக் கொல்லப்பட்டது. ஸ்பெயினில் 1950களில் தீங்குயிர்களை ஒழிப்பதற்கென அமைக்கப்பட்ட குழுக்கள் ஊனுண்ணிகளைக் கொல்வதை ஊக்குவித்தன. பிற விலங்குகளுக்காக வைக்கப்பட்ட இரும்புப் பொறிகளும் சுருக்குக் கண்ணிகளும் லின்க்ஸையும் பலிகொண்டன.

குழிமுயல் நோய்கள்: 1952 ஆம் ஆண்டில் பிரான்சில் மருத்துவர் ஒருவர் தம் தோட்டத்திலிருந்த முயல்களை ஒழிப்பதற்காக மிக்சோமா தீநுண்மியைப் பரப்பினார். அந்நோய் அவர் நிலத்தின் எல்லைக்குள் நிற்காமல் ஐரோப்பா முழுவதும் பரவி, ஐபீரியத் தீபகற்பத்தையும் விரைவில் எட்டியது. 1980களின் இறுதியில் முயல் குருதிப்போக்கு நோய் என்ற மற்றொரு தீநுண்மி நோய் வந்து சேர்ந்தது. 2010களின் தொடக்கத்தில் அந்நோயின் புதிய வகை ஒன்று தோன்றி, அதுவரை ஓரளவு மீண்டிருந்த குழிமுயல் கூட்டங்களை மீண்டும் அழித்தது.

வாழிட இழப்பு: வேளாண்மை, தைலமரம், பைன் ஆகியவற்றின் தனிமரத் தோட்டங்கள், அணைகள், நெடுஞ்சாலைகள் ஆகியன புதர்க்காடுகளைத் துண்டாடின. இதனால் லின்க்ஸ் கூட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றுச் சிறுத்தன.

கணக்கெடுப்பும் ஆவணப்படுத்தலும்

நேர்காணல் வழி மதிப்பீடு

மறைந்து வாழும் இவ்விலங்கை நேரில் எண்ணுதல் அரிது. ஸ்பெயின் முழுமைக்குமான முதல் விரிவான மதிப்பீட்டை அலெகாந்திரோ ரொத்ரீகஸ், மிகேல் தெலிபெஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியில் மேற்கொண்டனர். வனக்காவலர், வேட்டைக்காரர், நில உடைமையாளர் ஆகியோரிடம் கேட்டறிந்த செய்திகளும், அகப்பட்ட அல்லது இறந்த விலங்குகள் பற்றிய பதிவுகளும் இதற்கு ஆதாரமாயின. அதன்படி 1,000 முதல் 1,200 வரையிலான லின்க்ஸ்கள், ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்த ஒன்பது கூட்டங்களாக வாழ்வதாகக் கணிக்கப்பட்டது. இவ்வாய்வு விலங்கின் பரவலையும் கூட்டங்களின் தனிமையையும் முதன்முதலாகத் தெளிவாகக் காட்டியது.

இதே காலத்தில் தொன்யானா தேசியப் பூங்காவில் வேறு வகை ஆய்வு நடைபெற்று வந்தது. தொன்யானா உயிரியல் ஆய்வு நிலையத்தினர் 1983 முதல் லின்க்ஸ்களுக்கு வானலைக் கழுத்துப்பட்டை அணிவித்து அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தனர். ஆட்புலத்தின் பரப்பு, இளம் விலங்குகள் பிரிந்து செல்லும் வழிகள், அவை இறக்கும் காரணங்கள் ஆகியவை பற்றிய அடிப்படை அறிவு பெரும்பாலும் இவ்வாய்வுகளிலிருந்தே கிடைத்தது.

தானியங்கிக் கேமராவும் மரபணுவும்

1990களின் இறுதியில் தொடங்கிய புதிய நாடளாவிய கணக்கெடுப்பு, மனிதர் கூற்றை விடுத்து நேரடிச் சான்றுகளை மட்டும் ஏற்றது. இதில் மூன்று முறைகள் கையாளப்பட்டன.

1. லின்க்ஸ் நடமாடும் தடங்களில் தானியங்கிக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. படங்களில் தெரியும் புள்ளிக் கோலங்களைக் கொண்டு ஒவ்வொரு விலங்கும் தனித்தனியே அடையாளம் காணப்பட்டது.
2. காடுகளில் எச்சங்கள் திரட்டப்பட்டன. நரி, நாய், வீட்டுப்பூனை ஆகியவற்றின் எச்சங்களிலிருந்து லின்க்ஸின் எச்சத்தைப் பிரித்தறிய டி.என்.ஏ. சோதனை பயன்பட்டது.
3. காலடித் தடங்கள், பொதுக் கழிவிடங்கள் போன்ற களச் சான்றுகள் முறையாகத் தேடப்பட்டன.

இதன் முடிவு அதிர்ச்சியளிப்பதாக இருந்தது. முன்னர்க் குறிக்கப்பட்ட பெரும்பாலான கூட்டங்கள் இருந்ததற்கான உறுதியான சான்று ஏதும் கிடைக்கவில்லை. தென் ஸ்பெயினின் அந்தலூசியாப் பகுதியில், கிழக்குச் சியெர்ரா மொரேனா மலைத்தொடரின் ஆந்தூகர்-கார்தென்யா பகுதியிலும் தொன்யானாவிலும் மட்டுமே இனம்பெருக்கும் கூட்டங்கள் எஞ்சியிருந்தன. 2002 ஆம் ஆண்டுக்குரிய எண்ணிக்கையாக 94 என்பது பரவலாக எடுத்தாளப்படுகிறது. போர்த்துகலில் நிலையாக வாழும் கூட்டம் எதுவும் இல்லை என்பதும் அக்காலத்தில் தெரியவந்தது.

இக்கணக்கெடுப்பின் பயன் எண்ணிக்கையோடு முடியவில்லை. லின்க்ஸ் உண்மையில் எஞ்சியுள்ள இடங்கள் எவை எனத் தெரிந்ததால் நிதியையும் ஆட்களையும் அங்குக் குவிக்க முடிந்தது. காப்பக இனப்பெருக்கத்தை ஒத்திப்போட இயலாது என்ற முடிவுக்கும் இதுவே வழிவகுத்தது.

இன்றும் ஆண்டுதோறும் இரு நாடுகளிலும் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. விலங்குகள் பலவும் பெயரிடப்பட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன. ஓராண்டில் பிறக்கும் குட்டிகளுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை இடுவது வழக்கம். எனவே பெயரைக் கொண்டே விலங்கின் வயதை அறியலாம்.

சட்டப் பாதுகாப்பு

ஸ்பெயினில் 1973 ஆம் ஆண்டில் ஐபீரிய லின்க்ஸைக் கொல்வது தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 ஆம் ஆண்டு வாழிட ஆணையில் இது முன்னுரிமை இனமாகச் சேர்க்கப்பட்டது. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீசு உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பிலும் இது இடம்பெற்றுள்ளது.

வேட்டைத் தடை வந்த பின்னரும் முப்பது ஆண்டுகள் தொகை குறைந்துகொண்டே சென்றது. உணவும் வாழிடமும் அழியும் போது விலங்கைக் கொல்வதை மட்டும் தடை செய்வது போதாது என்பதை இது உணர்த்தியது.

வாழிடப் பாதுகாப்பு

தொன்யானா 1969 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1994 இல் யுனெசுக்கோ உலக பாரம்பரியக் களமாயிற்று. சியெர்ரா மொரேனாவின் நிலைமை வேறு. அங்கு லின்க்ஸ் வாழும் நிலத்தின் பெரும்பகுதி தனியார் வேட்டைப் பண்ணைகளாகும். எனவே நில உடைமையாளரின் ஒத்துழைப்பு இன்றி எதையும் செய்ய இயலாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் லைஃப் நிதியுதவியுடன் 2002 முதல் அடுத்தடுத்துத் திட்டங்கள் செயற்படுத்தப்பட்டன. அந்தலூசிய அரசு இவற்றுக்குத் தலைமை தாங்கியது. உலக இயற்கை நிதியத்தின் ஸ்பெயின் கிளை உள்ளிட்ட தன்னார்வ அமைப்புகளும் வேட்டைக்காரர் சங்கங்களும் இவற்றில் பங்கேற்றன. நில உடைமையாளருடன் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. அவற்றின்படி முயல் வேட்டை குறைக்கப்பட்டது; பொறிகள் அகற்றப்பட்டன; செயற்கை வளைகள் அமைத்துக் குழிமுயல்கள் விடப்பட்டன; உணவு குன்றிய காலங்களில் லின்க்ஸுக்குத் துணை உணவும் அளிக்கப்பட்டது.

வேட்டைக்காரரின் மனமாற்றத்திற்கு ஓர் அறிவியல் முடிவு துணைநின்றது. தொன்யானாவில் நடந்து 1995 இல் வெளியான ஆய்வொன்று, லின்க்ஸ் வாழும் இடங்களில் குழிமுயல்கள் குறைவதற்கு மாறாக மிகுதியாக இருப்பதைக் காட்டியது. லின்க்ஸ் தன் ஆட்புலத்திலுள்ள கீரி போன்ற சிறிய ஊனுண்ணிகளைக் கொல்கிறது அல்லது துரத்துகிறது. அச்சிறு விலங்குகள் தின்னும் முயல்களின் தொகை, லின்க்ஸ் தின்னும் தொகையை விட மிகுதி. ஆகவே லின்க்ஸ் இருப்பது வேட்டைப் பண்ணைக்கு இழப்பு என்ற நெடுநாள் நம்பிக்கை தளர்ந்தது.

காப்பக இனப்பெருக்கம்

தொன்யானாவை அடுத்த எல் அசெபூச்சே மையத்தில் 2005 ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று சலியேகா என்னும் பெண் லின்க்ஸ் மூன்று குட்டிகளை ஈன்றது. காப்பகத்தில் ஐபீரிய லின்க்ஸ் குட்டி ஈன்றது இதுவே முதன்முறை. குட்டிகள் ஆறு வார வயதை எட்டியபோது அவற்றுக்கிடையே மூண்ட கடுஞ்சண்டையில் ஒன்று இறந்தது. உடன்பிறந்த குட்டிகள் இவ்வயதில் ஒன்றையொன்று கொல்லுமளவுக்குத் தாக்கிக்கொள்ளும் என்பது அப்போதுதான் பராமரிப்பாளருக்குத் தெரிந்தது. அதன்பின் பிறந்த குட்டிகள் அனைத்தும் அவ்வயதில் இரவும் பகலும் கேமரா வழியே கண்காணிக்கப்பட்டு, தேவைப்படும்போது பிரித்து வைக்கப்பட்டன.

பின்னர் ஹயேன் மாகாணத்தின் லா ஒலிவீயா, எக்ஸ்திரமதூராவின் சார்சா தெ கிரனதீயா, போர்த்துகலின் சில்வெஸ் ஆகிய இடங்களிலும் மையங்கள் நிறுவப்பட்டன. சில்வெஸ் மையம் 2009 இல் முதல் விலங்குகளைப் பெற்றது. ஹெரெஸ் நகர விலங்குக் காட்சிச்சாலையும் இத்திட்டத்தில் பங்கேற்கிறது. காட்டில் விடப்படவுள்ள குட்டிகள் மனிதரைக் காணாதவாறு வளர்க்கப்படுகின்றன. உயிருள்ள முயல்கள் மறைவான வழிகளில் அடைப்புக்குள் விடப்படுகின்றன. உணவையும் மனிதரையும் குட்டிகள் தொடர்புபடுத்திக் கொள்ளாதிருப்பதே இதன் நோக்கம்.

மரபியல் பாதுகாப்பும் நோய்த்தடுப்பும்

சிறுத்துத் தனித்துப்போன தொன்யானாக் கூட்டத்தில் நெருங்கிய உறவு விலங்குகளிடையே இனச்சேர்க்கை மிகுந்து மரபியல் பல்வகைமை குன்றியது. 2007 ஆம் ஆண்டில் அங்குப் பூனை வெண்குருதிப்புற்று எனப்படும் தீநுண்மி நோய் பரவிச் சில விலங்குகள் இறந்தன. தொற்றுற்ற விலங்குகள் பிரித்து வைக்கப்பட்டன. ஏனையவற்றுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. அவ்வாண்டிலேயே மரபணுக் கலப்பை ஏற்படுத்தும் நோக்கில் சியெர்ரா மொரேனாவிலிருந்து ஆண் லின்க்ஸ் ஒன்று தொன்யானாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

ஐபீரிய லின்க்ஸின் முழு மரபணுத் தொகுதி 2016 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதுவரை ஆராயப்பட்ட விலங்கினங்களுள் மிகக் குறைந்த மரபியல் பல்வகைமை கொண்டவற்றில் இதுவும் ஒன்று என அவ்வாய்வு கூறியது. காப்பகங்களில் இரு கூட்டங்களைச் சேர்ந்த விலங்குகளையும் இணைசேர்ப்பதற்கு இதுவே காரணம்.

மீள் அறிமுகம்

முதல் மீள் அறிமுகங்கள் அந்தலூசியாவிலேயே நடைபெற்றன. கோர்தோபா மாகாணத்தின் குவாதல்மெயாதோவில் 2009 இலும், ஹயேன் மாகாணத்தின் குவாரீசாசில் 2010 இலும் லின்க்ஸ்கள் விடப்பட்டன. 2011 இல் காப்பகத்தில் பிறந்த விலங்குகளும் விடப்படலாயின.

2014 ஆம் ஆண்டில் பணி அந்தலூசியாவுக்கு வெளியே விரிந்தது. காஸ்தில்லா-லா மாஞ்சாவின் தொலேதோ மலைகளிலும் கிழக்குச் சியெர்ரா மொரேனாவிலும், எக்ஸ்திரமதூராவின் மாத்தாச்செல் பள்ளத்தாக்கிலும், போர்த்துகலின் குவாதியானா பள்ளத்தாக்கிலும் புதிய கூட்டங்கள் உருவாக்கப்பட்டன. 2023 இல் முர்சியாவின் லோர்கா மலைப்பகுதியிலும், 2025 இல் வட ஸ்பெயினின் பலென்சியா மாகாணத்திலும் லின்க்ஸ்கள் விடப்பட்டன.

விடப்பட்ட விலங்குகள் எல்லாம் விட்ட இடத்திலேயே தங்குவதில்லை. 2014 இல் தொலேதோ மலைகளில் விடப்பட்ட கென்தாரோ என்னும் ஆண் லின்க்ஸ், தீபகற்பத்தின் குறுக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலைந்து போர்த்துகலின் வடபகுதியை அடைந்தது. 2016 இல் போர்த்தோ நகருக்கு அருகில் சாலையில் வாகனம் மோதி அது இறந்தது. இத்தகைய பயணங்கள், கூட்டங்கள் தாமாகவே ஒன்றோடொன்று இணையக்கூடும் என்பதையும், அவ்வழியில் உள்ள இடர்களையும் ஒருங்கே காட்டுகின்றன. 2020 இல் தொடங்கப்பட்ட லைஃப் லின்க்ஸ்கனெக்ட் திட்டம் கூட்டங்களை இணைப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டது.

எண்ணிக்கையின் வளர்ச்சி

குட்டிகள் உட்பட ஆண்டுதோறும் பதிவான தொகை பின்வருமாறு:

2002 - 94
2015 - 404
2018 - 686
2020 - 1,111
2022 - 1,668
2023 - 2,021
2024 - 2,401

2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்பெயினில் 2,047 விலங்குகளும் போர்த்துகலில் 354 விலங்குகளும் பதிவாயின. ஸ்பெயினில் காஸ்தில்லா-லா மாஞ்சாவில் 942, அந்தலூசியாவில் 836, எக்ஸ்திரமதூராவில் 254, முர்சியாவில் 15 என இவை பரவியிருந்தன. 2002 இல் எஞ்சிய இரு கூட்டங்களும் அந்தலூசியாவில் இருந்தவை என்பது இங்குக் கருதத்தக்கது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில் இவ்விலங்கை 2002 இல் மிக அருகிய இனம் என வகைப்படுத்தியது. 2015 இல் அருகிய இனம் எனவும், 2024 இல் அழிவாய்ப்பு இனம் எனவும் அவ்வகைப்பாடு மாற்றப்பட்டது. அச்சங்கம் இனம்பெருக்கும் வயதடைந்த விலங்குகளை மட்டும் கணக்கில் கொள்கிறது. அவ்வகையில் 2001 இல் 62 ஆக இருந்த தொகை 2022 இல் 648 ஆக உயர்ந்ததாக அது குறிப்பிட்டது. குட்டிகளையும் சேர்த்த ஆண்டுக் கணக்கும் இக்கணக்கும் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

எஞ்சியுள்ள சிக்கல்கள்

சாலை விபத்து: பதிவாகும் இறப்புகளுக்கு இதுவே முதற்காரணம். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் பதிவான இறப்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு வாகனம் மோதியதால் நேர்ந்தவை. தொன்யானாவை ஒட்டிய சாலைகளில் விலங்குகள் கடப்பதற்கான சுரங்கவழிகளும் வேலிகளும் அமைக்கப்பட்டுள்ளன. எனினும் லின்க்ஸ் புதிய நிலங்களுக்குப் பரவும்போது அத்தகைய வசதியற்ற சாலைகளையும் கடக்க நேர்கிறது.

குழிமுயலின் நிலை: 2019 ஆம் ஆண்டில் சிவப்புப் பட்டியலில் ஐரோப்பியக் குழிமுயல் தன் தாயகத்தில் அருகிய இனமாக மதிப்பிடப்பட்டது. அதன்படி, மீண்டுவரும் லின்க்ஸை விட அதன் இரையே இப்பட்டியலில் மோசமான நிலையில் உள்ளது. அதே குழிமுயல் மத்திய ஸ்பெயினின் சில வேளாண் பகுதிகளில் மிகுந்து பயிருக்குச் சேதம் விளைவிக்கிறது. ஓரிடத்தில் ஒழிக்கப்பட வேண்டியதாகவும் மற்றோரிடத்தில் காக்கப்பட வேண்டியதாகவும் கருதப்படுவதால் பொதுவான கொள்கை வகுப்பது கடினமாகிறது.

சட்டவிரோதக் கொலை: துப்பாக்கிச் சூடு, கண்ணி ஆகியவற்றால் லின்க்ஸ்கள் இறப்பது முற்றாக ஒழியவில்லை.

தட்பவெப்ப மாற்றம்: குழிமுயல் கூட்டங்களின் பரவலைத் தட்பவெப்ப மாற்றம் பாதிக்கும் என்றும், மீள் அறிமுகத்துக்கான இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அதனைக் கருத வேண்டும் என்றும் 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று எச்சரித்தது.

தன்னிறைவு: இவ்வினம் மனித உதவியின்றி நிலைத்திருக்கக் குறைந்தது 750 இனம்பெருக்கும் பெண் விலங்குகள் தேவை என்பது காப்புத் திட்டங்களில் இலக்காகக் கொள்ளப்பட்டது. 2024 இல் பதிவான இனம்பெருக்கும் பெண் விலங்குகள் 470. எனவே அவ்வாண்டு நிலவரப்படி இலக்கில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே எட்டப்பட்டிருந்தது. விலங்குகளை ஒரு கூட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், நோய்க் கண்காணிப்பு, முயல் பெருக்கம், ஆண்டுக் கணக்கெடுப்பு ஆகியவை அதுவரை தொடர வேண்டியவை எனக் காப்பாளர்கள் வலியுறுத்துகின்றனர்.

இவற்றையும் பார்க்க

பூனைக் குடும்பம்
யுரேசிய லின்க்ஸ்
ஐரோப்பியக் குழிமுயல்
தொன்யானா தேசியப் பூங்கா
சிவப்புப் பட்டியல்